ஆன்லைன் சூதாட்டம்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் கோர்ட், புதுச்சேரி கோர்ட் என்று மாறி மாறிப் போய்வரும் வக்கீல் நான். கேஸ் கட்டோடு வருகிறவர்களைவிட, டீக்கடையில் ஓரமாகக் கூப்பிட்டு "சார், ஒரு சின்ன டவுட்டு" என்று ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம். அந்தச் சின்ன டவுட்டு பெரும்பாலும் இந்த விஷயமாகத்தான் இருக்கிறது. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பொதுவான விளக்கம்தான் இது. உங்கள் மேல் எஃப்ஐஆர் இருந்தால் காகிதத்தோடு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

சார், ஆன்லைன்ல ரம்மி ஆடுனா குத்தமா இல்லியா? சட்டுனு சொல்லுங்க.

பணம் கட்டாமல் ஆடினால் குற்றமே இல்லை. பணம் கட்டி ஆடினால், சட்டம் முதலில் பிடிப்பது ஆட்டத்தை நடத்துகிறவர்களை. ஆடுகிற உங்களுக்கு என்ன ஆகும் என்பது என்ன ஆட்டம், ஆடும்போது எந்த ஊரில் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சட்டென்று சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

என் பொண்ணு செல்லுல நாள் பூரா கேண்டி க்ரஷ் ஆடுது. பக்கத்து வீட்டுப் பையன் லூடோ ஆடுறான். இதெல்லாமும் சூதாட்டமா?

இல்லை. ஜெயித்தால் பணமோ பணத்துக்குச் சமமான ஒன்றோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் பணத்தைப் பந்தயமாக வைக்க வேண்டும், அப்போதுதான் இந்தச் சட்டங்கள் உள்ளே வரும். விளம்பரம் வராமலிருக்க மாதச் சந்தா கட்டுவது பந்தயம் ஆகாது. முறையாகப் பதிவு பெற்ற இ-ஸ்போர்ட்ஸ் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டுவதும் அப்படித்தான்.

லூடோவில் மட்டும் கவனம் வேண்டும். காசு வைத்து ஆடும் லூடோவும் இருக்கிறது. காசு என்று சொல்லாமல் காயின், டோக்கன், பாயின்ட் என்று பெயர் வைத்திருப்பார்கள். அந்தக் காயினைப் பிறகு ரூபாயாக மாற்ற முடியும் என்றால் சட்டத்தின் கண்ணில் அது பணம்தான்.

ரம்மி திறமை விளையாட்டுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சாமே? அப்புறம் எதுக்கு இந்தத் தடையெல்லாம்?

சொன்னது உண்மை. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு அது. ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையே நடந்த அந்த வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், அதனால் ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றார்கள். மூன்று சீட்டு ஆட்டம் அப்படி இல்லை, அது முழுக்க அதிர்ஷ்டம் என்று அதே தீர்ப்பிலேயே பிரித்தும் காட்டினார்கள்.

விளம்பரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. இடத்தை நடத்துகிறவர் அந்த ஆட்டத்திலிருந்தே லாபம் எடுக்கிறார் என்று நிரூபித்தால் குற்றம் ஆகலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்கள். அந்தக் கிளப் வழக்கில் அதற்குச் சாட்சியம் இல்லை, விடுதலை ஆனார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுக்கும் ஆப்பை அந்தக் கிளப்போடு ஒப்பிடும்போது இந்த வரியை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

இன்னொன்று, திறமையா அதிர்ஷ்டமா என்ற இந்த வாதத்துக்கு 2025 மத்தியச் சட்டத்தில் இடமே கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டுல தடைன்னாங்க, கோர்ட்டு ரத்துன்னாங்க, மறுபடி தடைன்னாங்க. இப்ப எதுதான் நிக்குது?

குழம்புவதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. வரிசையாகப் பார்த்தால் புரியும். அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 34-வது இனம் பந்தயமும் சூதாட்டமும். அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நம்மிடம் இருந்தது 1930-ஆம் ஆண்டின் பழைய சூதாட்டச் சட்டம். அதில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் கைவைத்து, பணம் வைத்தால் ரம்மியும் குற்றம் என்றார்கள். 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. திறமை விளையாட்டையும் சேர்த்து மொத்தமாகத் தடுப்பது அளவுக்கு மீறியது என்பது காரணம்.

அப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2022 அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது, அதே மாதம் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் அதை மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாடு இணையவழி சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்பது அதுதான். அதன் அட்டவணையில் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று எழுதியிருந்தார்கள். 2023 நவம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் சட்டத்தை விட்டுவைத்து, அட்டவணையில் இருந்த அந்த இரண்டை மட்டும் நீக்கியது. அதிர்ஷ்ட விளையாட்டுக்குத் தடை செல்லும், திறமை விளையாட்டுக்கு வயது, நேரம் போன்ற கட்டுப்பாடுகள் போட்டுக்கொள்ளலாம் என்றது. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது.

அந்தக் கட்டுப்பாடுகளை 2025 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. 18 வயதுக்குக் கீழ் ஆடக் கூடாது, ஆதார் வழியாக அடையாளம் சரிபார்க்க வேண்டும், இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் கட்டுப்பாடுகள் செல்லும் என்றது. ஜூனில் ஜெயித்த அரசு அதைக் கொண்டாடி முடிப்பதற்குள் ஆகஸ்டில் டெல்லியிலிருந்து வேறு சட்டம் வந்துவிட்டது.

டெல்லி சட்டம் என்ன புதுசா சொல்லுது?

அதன் பெயர் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2025. ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 ஜனாதிபதி ஒப்புதல். மூன்றே நாள். திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கிற ஆன்லைன் ஆட்டம் எதையும் யாரும் நடத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை, 50 லட்சம் வரை. பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிக்கும் பேமென்ட் கம்பெனிக்கும் 3 ஆண்டு வரை, 1 கோடி வரை. வெளிநாட்டிலிருந்து நடத்தினாலும் இந்தியாவில் கிடைத்தால் பொருந்தும்.

அமல் தேதியை அரசு அறிவிக்கையில் குறிக்கும் என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் பெரிய கம்பெனிகள் தேதிக்குக் காத்திருக்கவில்லை. ஒப்புதல் கிடைத்த அந்த வாரமே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. மாநிலப் பட்டியலில் இருப்பதை நாடாளுமன்றம் எப்படித் தொடலாம் என்று கேட்டு உயர் நீதிமன்றங்களில் போட்ட மனுக்கள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. கேஸ் என்று வந்தால் சம்பவம் நடந்த தேதியையும் சட்டம் அமலான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வக்கீலின் முதல் வேலை.

அப்ப ஆடுறவனுக்கு ஒண்ணும் இல்லன்னு டிவியில சொன்னாங்களே?

மத்தியச் சட்டத்தைப் பற்றி அது சரி. ஆடுகிறவரை அது பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது, தண்டனை வைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் வந்ததால் மாநிலச் சட்டம் காலாவதி ஆகிவிடவில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் தண்டனை உண்டு. 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். விளம்பரத்துக்கு 1 ஆண்டு வரை, 5 லட்சம் வரை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை, 10 லட்சம் வரை.

அதிர்ஷ்ட ஆட்டத்துக்கும் பந்தயத்துக்கும்தான் இது. கடலூரில் உட்கார்ந்து கிரிக்கெட் பந்தயம் கட்டினாலோ, ஆன்லைன் கேசினோவில் சக்கரம் சுழற்றினாலோ, 'டிவியில சொன்னாங்க' என்று ஸ்டேஷனில் சொல்லித் தப்பிக்க முடியாது.

நான் பாகூர். தமிழ்நாட்டுச் சட்டம் எங்களுக்குச் செல்லாதுல்ல?

செல்லாது. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், அதற்குத் தனிச் சட்டமன்றம். தமிழ்நாடு போடுகிற சட்டம் தானாக இங்கே நுழையாது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கு பகுதிக்கும் 1965-ஆம் ஆண்டின் பாண்டிச்சேரி சூதாட்டச் சட்டம் இருக்கிறது. அது வீடு, விடுதி, கிளப் என்று ஓர் இடத்தில் கூடிச் சூதாடுவதை மனதில் வைத்து எழுதியது. செல்போனைக் கனவிலும் நினைத்திராத காலம். அதனால் ரம்மி, போக்கர் வழக்குகளில் இங்கே வாதம் வேறு மாதிரி போகும்.

ஆனால் 'எங்களுக்குச் சட்டமே இல்லை' என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. மத்தியச் சட்டம் நாடு முழுக்க. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் நாடு முழுக்க. அதன் 112-வது பிரிவு, கும்பலாகச் சேர்ந்து நடத்தும் அனுமதியில்லாத பந்தயம், சூதாட்டத்தைச் சிறு அளவிலான ஒருங்கிணைந்த குற்றம் என்கிறது. அதற்கு ஓராண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டின் 3 மாதத்துக்குப் பயந்து எல்லை தாண்டி வந்து, கும்பலோடு சேர்ந்து 7 ஆண்டில் மாட்டுவது நல்ல லாபக் கணக்கு இல்லை.

வீடு மஞ்சக்குப்பம், வேலை பாண்டியில. பஸ்ல போகும்போது ஆடுனா எந்தச் சட்டம்?

இதைச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், ஆனால் நல்ல கேள்வி. ஆல்பேட்டை, பெரியகங்கணாங்குப்பம், ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு. முள்ளோடை தாண்டினால் கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் புதுச்சேரி. ஒரே டிக்கெட்டில் ஆட்டத்தின் முதல் பாதி ஒரு சட்டத்திலும் மறுபாதி வேறு சட்டத்திலும் நடக்கலாம். முள்ளோடைக்கு முன்னால் சீட்டைப் பிரித்துவிட்டால் தமிழ்நாட்டு எல்லைக்குள் ஆடியது ஆடியதுதான். மீதியை அங்கே ஆடினேன் என்பது பதில் ஆகாது.

உங்கள் சிம் எந்த ஊரில் வாங்கியது, ஆதாரில் எந்த முகவரி என்பது முக்கியமில்லை. ஆடும்போது நீங்கள் இருந்த இடம்தான் கணக்கு. நடைமுறையில் பஸ்ஸில் ஆடியதற்காகப் போலீஸ் டவர் லொகேஷன் எடுத்துக்கொண்டிருக்காது. அது ஏஜென்ட், கணக்கு கொடுத்தவர், பணம் சேர்த்தவர் என்று வரும்போதுதான் எடுக்கும். எல்லையில் பாட்டில் வாங்கிய பழக்கத்தில் இதையும் எல்லை விவகாரமாகவே நம் ஊரில் பேசுகிறோம். ஆன்லைனில் இப்போது கேட்க வேண்டிய கேள்வி, பணம் கட்டினோமா, அது யார் கணக்குக்குப் போனது என்பதுதான்.

ட்ரீம் லெவன் மாதிரி டீம் போடுறதும் இதுல வருமா? அது கிரிக்கெட் அறிவுதான சார்?

முன்பு பல உயர் நீதிமன்றங்கள் அதைத் திறமை என்று ஏற்றன. அந்த வாதத்தின் கதி மேலே ரம்மிக்குச் சொன்னதுதான். காசு கட்டும் போட்டிகளை ட்ரீம் லெவன் 2025 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது. இந்திய அணியின் சட்டையில் இருந்த அதன் பெயரும் போய்விட்டது. இலவசமாக டீம் போட்டுப் பார்ப்பதில் தடை இல்லை.

விபிஎன் போட்டு வெளிநாட்டு ஆப்ல கட்டுறேன். அவங்க குராசாவ் லைசென்ஸ் வெச்சிருக்காங்க. என்னை யாரு பிடிப்பா?

குராசாவ் கரீபியன் கடலில் இருக்கும் தீவு. அது கொடுக்கும் லைசென்ஸுக்கு இந்தியாவில் மதிப்பு எதுவும் இல்லை. விபிஎன் உங்கள் இடத்தை ஆப்பிடமிருந்து மறைக்கும், வங்கியிடமிருந்து மறைக்காது. பணம் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகத்தானே போகிறது?

ஒரு தம்பியின் பாங்க் ஸ்டேட்மென்டை இப்படிப் பார்த்தேன். ஆப் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஏதோ டிரேடர்ஸ், ஏதோ என்டர்பிரைசஸ், நடுவே ஒரு பெண்ணின் பெயர், அப்புறம் ஒரு மொபைல் ரீசார்ஜ் கடை. ஒவ்வொரு முறை கட்டும்போதும் புது கியூஆர் கோடு, புது பெயர். அந்தக் கணக்குகள் எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. அதில் ஒன்று வேறு ஏதாவது மோசடியில் மாட்டினால் உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் சேர்ந்து வரும். டெலிகிராமில், வாட்ஸ்அப்பில் ஏஜென்டிடம் 'ஐடி' (பந்தயத் தளத்துக்கான லாகின்) வாங்கிக் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

மாசம் பத்தாயிரம் தர்றேன், உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் மட்டும் திறந்து குடுன்னு ஃப்ரெண்டு கேக்குறான். ஏடிஎம் கார்டும் சிம்மும் அவன்கிட்ட இருக்கும். இதுல எனக்கு என்ன ரிஸ்க்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கொடுக்காதீர்கள். ஆடுகிறவனுக்கு அதிகபட்சம் 3 மாதம். கணக்கைக் கொடுத்தவனுக்கு மோசடியில் பங்கு, கும்பல் குற்றம் என்று பிரிவுகள் ஏறிக்கொண்டே போகும். 'பணப் பரிமாற்றத்துக்கு உதவியது' என்ற மத்தியச் சட்டக் குற்றத்தில் ஜாமீன் தானாகக் கிடைக்காது, வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

கல்லூரிப் பையன்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். முதல் மாதம் பத்தாயிரம் சரியாக வரும். இரண்டாம் மாதம் வேறு மாநிலப் போலீஸ் அந்தக் கணக்கைத் தேடி வரும். ஃப்ரெண்டின் நம்பர் அப்போது ஸ்விட்ச் ஆஃப். கணக்கில் எத்தனை லட்சம் வந்து போனது என்றுகூடப் பையனுக்குத் தெரியாது, ஓடிபி போகிற சிம்மே அவனிடம் இல்லையே. 'எனக்குத் தெரியாது சார்' என்பது ஜாமீன் மனுவில் எழுத உதவும். அதை எழுதுவதற்கு முன்னால் சில இரவுகள் உள்ளே கழிந்திருக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கியில் எழுத்தில் கொடுத்துக் கணக்கை நிறுத்துங்கள், சிம்மைத் தடை செய்யுங்கள், வக்கீலைப் பாருங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

நான் வாடகைக்கெல்லாம் குடுக்கல. ஆனா ஜெயிச்ச காசு வந்ததுல இருந்து அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு. சம்பளமும் அதுல மாட்டிக்கிச்சு. என்ன பண்றது?

வாடகைக் கணக்கிலிருந்து உங்களுக்குப் பணம் வந்திருக்கும். அந்தக் கணக்கின் மேல் யாரோ எங்கோ புகார் கொடுத்ததும், பணம் போன வழியெல்லாம் பூட்டிக்கொண்டே வந்திருப்பார்கள். வங்கியில் சண்டை போட்டுப் பயனில்லை. எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த விசாரணை அதிகாரிக்கு ஸ்டேட்மென்டோடு விளக்கம் எழுதுங்கள். சூதாட்டத்தில் வந்த பணத்தைச் சம்பளம் என்றோ கடன் திரும்பியது என்றோ பொய் எழுதாதீர்கள். அது தனிக் கேஸ் ஆகிவிடும்.

சந்தேகத் தொகை சில ஆயிரம்தான், பூட்டியது மொத்தக் கணக்கும் என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கி வைப்பது சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் ஒன்றே, அதனால் இரண்டு ஊர்க்காரர்களும் அந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

ஜெயிச்ச பணத்தை ஆப்காரன் தரலன்னா கேஸ் போடலாமா? தோத்த பணத்தையாவது திருப்பி வாங்க முடியுமா?

ஜெயித்தது: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஜெயித்ததை வசூலிக்க கோர்ட் உதவாது. தோற்றது: ஒழுங்காக நடந்த ஆட்டத்தில் போனது போனதுதான்.

இரண்டு விதிவிலக்கு உண்டு. ஆடாமல் வாலெட்டில் கிடந்த இருப்பு உங்கள் பணம், கேட்கலாம். பதிவு பெற்ற இந்தியக் கம்பெனிகள் ஆட்டத்தை நிறுத்தியபோது அதை எடுத்துக்கொள்ள விட்டன. இன்னொன்று, ஆட்டம் என்பதே நாடகம், போலி ஆப் என்றால் அது பந்தயமே இல்லை, மோசடி. முதலில் சின்னத் தொகையை எடுக்க விடுவார்கள், பெரிய தொகை வந்ததும் 'வரி கட்டினால்தான் எடுக்கலாம்' என்று இன்னும் பணம் கேட்பார்கள். அந்த மெசேஜ் வந்தால் கட்டாதீர்கள், புகார் கொடுங்கள்.

கடன் வாங்கி ஆடிட்டான் சார் எம் மவன். வட்டிக்காரன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். சூதுக்கு வாங்குன கடன் செல்லாதுன்னு சொல்லிடலாமா?

அம்மா, அப்படிச் சுலபமாகத் தப்ப முடியாது. பந்தயம் செல்லாது என்பதால் அதற்காக வாங்கிய கடனும் தானாகச் செல்லாமல் போகாது. இது பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அசலை மறுக்காமல், வட்டியையும் மிரட்டலையும் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நீங்கள் கடலூர் பக்கம் என்றால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் அதில் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. அதுவும் தமிழ்நாட்டுச் சட்டம், புதுச்சேரியில் நேரடியாகப் பயன்படாது. ஆனால் வாசலில் நின்று மிரட்டுவது இரண்டு பக்கமும் குற்றம்தான். மகன் கடனுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போடாத வரை, நீங்கள் பொறுப்பில்லை. அவசரத்தில் புரோநோட்டில் கைநாட்டு வைத்துவிடாதீர்கள்.

பையனுக்குப் பதினேழு வயசு. எம் போன்ல, எம் பின் நம்பர் போட்டு ஆடிட்டான்.

18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது, கம்பெனியிடம் அதை எழுதிக் கேட்கலாம். பின் நம்பர் சரியாகப் போட்டதால் வங்கி கைவிரித்துவிடும். முதலில் பின் நம்பரை மாற்றுங்கள்.

கேரளா லாட்டரி ஆன்லைன்ல வாங்கலாமா? இங்க மூணு நம்பர் எழுதுறாங்களே, அது?

கேரள அரசின் லாட்டரி காகிதச் சீட்டுதான், ஆன்லைனில் விற்பனை கிடையாது. வாட்ஸ்அப்பில் சீட்டின் படம் அனுப்புகிறவன் ஏமாற்றுகிறான். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லா லாட்டரிக்கும் தடை. கேரளா போயிருந்தபோது நீங்களே கடையில் வாங்கினால் தப்பில்லை, பரிசு விழுந்தாலும் வாங்கலாம்.

மூணு நம்பர் லாட்டரியே அல்ல. கேரளா முடிவின் கடைசி எண்கள் மேல் கட்டும் பந்தயம், கடைக்காரன் தன் நோட்டில் எழுதிக்கொள்வது. எந்த அரசுக்கும் அதில் சம்பந்தமில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் குற்றம்.

ஜெயிச்சதுக்கு வரி கட்டிட்டேன். அப்ப அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரிதான?

இல்லை. வருமான வரித்துறை பணம் எப்படி வந்தது என்று பார்த்து வரி போடுவதில்லை, சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு. ஆன்லைன் விளையாட்டில் நிகர வெற்றிக்கு 30 சதவீதம், அதன் மேல் செஸ். ஆட்டத்தில் வந்த நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2023 அக்டோபர் முதல் 28 சதவீதம் போட்டார்கள், 2025 செப்டம்பரில் 40 ஆக்கினார்கள். தடையும் வரியும் ஒரே நேரத்தில் இருப்பது வினோதம்தான். ஆனால் வரி ரசீது அனுமதிச் சீட்டு ஆகாது.

என் இன்ஸ்டாவுல கொஞ்சம் ஃபாலோயர்ஸ் இருக்காங்க. ஒரு பெட்டிங் ஆப்புக்கு ரீல் போடச் சொல்றாங்க. நான் ஆடல, சும்மா சொல்றேன்.

'சும்மா சொல்வது'தான் விளம்பரம். தண்டனை என்ன என்று மேலே சொல்லியிருக்கிறேன், பாருங்கள், ஆடுகிறவரைவிடச் சொல்கிறவருக்குத்தான் அதிகம். 'ஸ்போர்ட்ஸ் நியூஸ்' என்ற பெயரில் அதே ஆப்பின் லோகோவைக் காட்டினாலும் மறைமுக விளம்பரம். ரீலை அழித்தாலும் யாராவது ஸ்கிரீன் ரெக்கார்டிங் வைத்திருப்பார்கள்.

தீபாவளிக்கு வீட்ல மச்சான் மாமனெல்லாம் சீட்டு ஆடுவோம். அதுவும் போச்சா?

வீட்டுக்குள் சொந்தக்காரர்கள் பொழுதுபோக்குக்கு ஆடுவதை இந்த ஆன்லைன் சட்டங்கள் தொடவில்லை. அதே திண்ணையில் வெளியாட்களைச் சேர்த்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுத்தால் அது சூதாட்ட விடுதி. அதற்குப் பழைய சட்டங்களே போதும்.

என் வீட்டுக்காரர் விடவே மாட்டேங்குறார். போலீஸ்ல சொன்னா திருந்துவாரா? கேஸ் ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

அவரைத் திருத்த போலீஸ் சரியான இடம் இல்லை. விட முடியாமல் ஆடுவது வைத்தியம் பார்க்க வேண்டிய பழக்கம். டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம், இலவசம், இரவிலும் எடுப்பார்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, கடலூர்க்காரர்களும் அங்கே போகிறார்கள். டாக்டரிடம் சொல்வதால் கேஸ் ஆகாது. 'செத்துடுவேன்' என்று சொல்கிறார் என்றால் விளையாட்டுப் பேச்சாக எடுக்காதீர்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

வீட்டுக் கணக்கை ஒரு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து யுபிஐயை எடுத்துவிடலாம், தினசரி வரம்பைக் குறைக்கலாம், நகையைத் தனி லாக்கரில் வைக்கலாம். வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தால், விற்கவோ அடமானம் வைக்கவோ போவதாகத் தெரிந்தால் உடனே வக்கீலிடம் வாருங்கள். பத்திரம் பதிவான பிறகு வந்தால் வேலை இரட்டிப்பு.

ஏமாந்துட்டேன். புகார் எங்க குடுக்கிறது? கடலூர் போலீஸ் பாண்டிக்குப் போங்குறாங்க, பாண்டி போலீஸ் கடலூருக்குப் போங்குறாங்க.

முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள், ஸ்டேஷன் அப்புறம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் நிறுத்த முடியுமா என்பது மணிக்கணக்கில் முடிவாகிற விஷயம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். யுபிஐ பரிவர்த்தனை எண், சாட்டின் ஸ்கிரீன்ஷாட், கியூஆர் கோடின் படம், பேசிய நம்பர் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கோபத்தில் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் 'இது எங்க ஏரியா இல்ல' என்று திருப்பி அனுப்ப முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத் தகவலை எந்தக் காவல் நிலையமும் வாங்கியாக வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். பதிந்துவிட்டுச் சரியான நிலையத்துக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும், நீங்கள் முள்ளோடைக்கும் ஆல்பேட்டைக்கும் அலைய வேண்டாம். அப்படியும் வாங்கவில்லை என்றால் மாவட்ட எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் மனுப் போட அந்த ரசீதுதான் முதலில் கேட்பார்கள்.